தகப்பன் வழி

நூற்றுப் பதினேழு. எங்கள் எண் நூற்று முப்பத்தொன்று. சுவரில் சிவப்பு எண் மாறும்போதெல்லாம் ஒரு மணி அடிக்கிறது, அடித்ததும் நாற்காலியில் இருக்கும் அத்தனை பேரும் கையிலிருக்கும் சீட்டை ஒருதடவை பார்த்துக்கொள்கிறார்கள், பார்த்தால் எண் மாறிவிடும் என்பதுபோல. நானும் பார்க்கிறேன். மகள் எழிலி பார்க்கவில்லை. சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்து உட்கார்ந்திருக்கிறாள், பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைத் திருப்பச் சொல்லும்வரை பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப்போல. முப்பது வருஷமாக அந்த மாதிரி உட்கார்ந்த பிள்ளைகளுக்கு முன்னால் நடந்திருக்கிறேன். திருப்புங்கள் என்று நான்தான் சொல்வேன். இங்கே யார் சொல்வார்கள் என்று தெரியவில்லை. பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்தின் ஏர்கோன் காற்று நேராகக் கழுத்தில் விழுகிறது. கூச்சிங்குக்கு நேற்று வந்தோம், ஆற்றில் விரைவுப் படகில் நாலு மணி நேரம், அப்புறம் காரில் ஏழு மணி நேரம், என் மனைவி உமாங் வரவில்லை, அவள் இருக்கிற கிராமத்துச் சிகிச்சை நிலையத்தில் அவளை விட்டால் தாதி கிடையாது. போய்ப் பேசுங்க, நீங்க வாத்தியார், உங்களுக்குப் பேச வரும் என்றாள். என்ன பேச. ஆறாம் படிவத் தேர்வில் நாலுக்கு நாலு வாங்கிய பிள்ளைக்கு மருத்துவம் கிடைக்காமல் மர அறிவியல் கிடைத்திருக்கிறது. மரத்தைப் பற்றிப் படிக்க வேண்டுமாம். எட்டு விருப்பம் எழுதச் சொன்னார்கள், எட்டிலும் மரம் இல்லை. கடிதத்தைப் பார்த்தபோது எழிலி சிரித்தாள். நாம காட்டுல இருக்கோம்னு கண்டுபிடிச்சிட்டாங்க அப்பா என்றாள். அன்றைக்குச் சிரித்தவள்தான், அதற்கப்புறம் இந்த விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை.

இந்த அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் பேசியவன் நல்ல மரியாதையாகத்தான் பேசினான். சரிபார்த்துவிட்டோம் சிக்கு, வாத்தியார் என்று தெரிந்ததும் சிக்கு என்றுதான் கூப்பிட்டான், மதிப்பெண்ணில் ஒரு தப்பும் இல்லை, உங்கள் மகள் பூமிபுத்ரா, அதாவது மண்ணின் மக்கள் பிரிவில் வரவில்லை, அவ்வளவுதான். அந்த வரிசையில் இருந்திருந்தால் முதல் பத்துப் பேரில் இருந்திருப்பாள், மற்றவர்கள் வரிசையில் நாலுக்கு நாலு வாங்கியவர்களே நிறையப் பேர், இடம் குறைவு. நான் சொன்னேன், அவள் அம்மா இபான் இனம். உமாங் அனாக் கெலாம்பு, கெலாம்புவின் மகள். இந்த ஆற்றங்கரையில் அவள் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறவர்கள். அவன் விசைப்பலகையைத் தட்டுவது கேட்டது. அப்புறம் சொன்னான், பிறப்புப் பத்திரத்தில் இனம் என்ற இடத்தில் இந்தியர் என்று இருக்கிறது சிக்கு, தகப்பன் வழியில் பதிந்திருக்கிறார்கள். பதிந்திருக்கிறார்கள். யார் பதிந்தார்கள். நான்தான் பதிந்தேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஆற்றங்கரைப் பட்டணத்தில் ஒரு மரக் கட்டிடம், மேலே மின்விசிறி, உமாங் பெஞ்சில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகப்பில் இருந்த கிராணி தலையை நிமிர்த்தாமல் கேட்டான். பேர். எழிலி. எப்படி எழுதுவது. சொன்னேன். அவன் எழுதி முடித்து, இனம், தகப்பன் வழிதானே என்றான். ஆமாம், வேறென்ன என்றேன். வேறென்ன. ஒரு நொடி ஆகியிருக்குமா அதைச் சொல்ல. திரும்பி உமாங்கைப் பார்த்தேனா. பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் ஏதாவது சொல்லியிருப்பாளா. சொல்லியிருக்க மாட்டாள், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், ஆனால் கேட்டிருக்கலாம், கேட்டிருக்க வேண்டும். அப்போது எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. பெயரில் ழ வைக்க முடிந்ததே என்ற சந்தோஷத்தில் இருந்தேன். அந்த ஊரில் ஒருத்தருக்கும் அந்த எழுத்து வாயில் வராது, எலிலி எலிலி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள், உமாங்கும்தான். வரவில்லை என்றாலும் பரவாயில்லை, எழுத்தில் இருக்கிறதே என்று நினைத்தேன். எழுத்தில்தான் இருந்தது எல்லாமே.

நூற்றுப் பத்தொன்பது. நடுவில் ஒன்று எப்போது போனது. எழிலி தன் வலது தோளைத் தேய்த்துக்கொள்கிறாள். பதினான்கு வயதிலிருந்து அந்தப் பழக்கம். அந்த வயதில் ஒரு பள்ளி விடுமுறை நாளில் உமாங்கோடு சிகிச்சை நிலையத்தில் இருந்தாள். மேல் ஆற்றிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டு வந்தார்கள், பிரசவம் நின்றுபோய் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் இல்லை. டாக்டர் அங்கே எப்போதும் இல்லை, மாதம் ஒரு தடவை வருவார், ஆற்றில் தண்ணீர் குறைந்தால் அதுவும் இல்லை. நீளப் படகில் அந்தப் பெண்ணைப் படுக்க வைத்து உமாங் அவள் கால்மாட்டில் உட்கார்ந்தாள், குளூக்கோஸ் பையை உயர்த்திப் பிடிக்க ஆள் வேண்டும், எழிலி பிடித்தாள். மூன்று மணி நேரம். கொதிக்கிற வெயில், பாறைகளுக்கு நடுவில் படகு தூக்கித் தூக்கிப் போடுகிறது, கையை இறக்கவே கூடாது என்று அம்மா சொன்னாள் என்பதற்காக இறக்கவே இல்லை. கை மாற்றிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை, மற்றவர்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிப் படித்துறையில் நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கை அப்படியே மேலே நின்றது, இறக்க முடியவில்லை, நான் பிடித்து மெல்ல மெல்ல இறக்கினேன். அந்தப் பெண் பிழைத்தாள். குழந்தை இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் எழிலி கேட்டாள், அங்க ஒரு டாக்டர் இருந்திருந்தா அந்தப் பாப்பா இருந்திருக்குமா. இருந்திருக்கும் என்றாள் உமாங். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் என்ன படிக்கப் போகிறாள் என்று எங்கள் வீட்டில் கேள்வியே எழவில்லை. அந்த ஆற்றில் திரும்பி வந்து வேலை பார்க்கிறேன் என்கிற பிள்ளை. கூச்சிங்கில் படித்துவிட்டுக் கோலாலம்பூருக்கு ஓடிப்போக நினைக்கிற பிள்ளை இல்லை. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது. விண்ணப்பத்தில் அதற்கு இடம் உண்டா. இனம் என்ற இடம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, பெயருக்குக் கீழே, மூச்சு விடுவதற்கு முன்னால்.

ஜெனிபருக்குக் கிடைத்திருக்கிறது. உமாங்கின் நீண்ட வீட்டில் எங்கள் கதவுக்கு அடுத்த கதவு அவர்களுடையது, இருபத்தாறு குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரு வீட்டில் மீன் பொரித்தால் எல்லா வீட்டுக்கும் வாசம் வரும். இரண்டு பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து படித்தார்கள். இரசாயனம் நான்தான் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஜெனிபருக்குக் கொஞ்சம் குறைவு மதிப்பெண், அவளுக்கு மருத்துவம். அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வந்தாள், வந்த பிறகுதான் எழிலி முகத்தைப் பார்த்தாள், கடிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மறைக்காதே என்று நான் வாங்கிப் படித்தேன், தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணினேன். அவளுக்குக் கிடைத்தது நியாயம். அதில் எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. அவள் அப்பா காட்டில் மரம் வெட்டப் போய்ச் செத்தவர், அந்தக் குடும்பத்தில் பள்ளியை முடித்த முதல் ஆள் அவள். அவளுக்குக் கை கொடுக்கத்தானே அந்த வரிசையைப் போட்டார்கள், கொடுக்கட்டும். என் கோபம் அவள்மேல் இல்லை. யார்மேல். அதே கூரை, அதே ஆறு, அதே பெஞ்சு, அதே பாய். நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் இந்த மண்ணுக்கு உரியவள், இந்தப் பக்கம் வந்தேறி. என்னை வந்தேறி என்றால் சரி, நான் கடலுக்கு அந்தப் பக்கம் தைப்பிங்கிலிருந்து இருபத்து நாலு வயதில் ஒரு பெட்டியோடு வந்தவன். எனக்கும் அந்தக் காலத்தில் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை, ஆசிரியர் பயிற்சிதான் கிடைத்தது, அதுவும் கடலைத் தாண்டிக் காட்டுப் பள்ளிக்குப் போகச் சம்மதித்ததால். போகட்டும், என் கதை என்னோடு போகட்டும் என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன். போகவில்லை. பிள்ளையின் முதல் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நூற்று இருபத்து மூன்று. எதிர் நாற்காலியில் ஒரு சீன அம்மாவும் பையனும் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்கிறார்கள். அவன் கையிலும் இதே மாதிரிக் கோப்பு. அவனுக்கும் நாலுக்கு நாலாக இருக்கும். கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப் போகிறது, இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்கிறவர்கள் என்று தெரிந்துவிட்டால் அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்புகூட இல்லாமல் போய்விடும். சரி, இந்தியர் என்று எழுதிவிட்டார்கள், இந்தியர்கள் என்ன செய்தார்கள். கோலாலம்பூரில் ஒரு சங்கம் நம் பிள்ளைகளுக்குப் படிப்புக்கு உதவுகிறது என்று கேள்விப்பட்டு, ஜூன் மாதம் எழிலியைக் கூட்டிக்கொண்டு விமானத்தில் போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். திருநீறு பூசியவர் ஒருத்தர் சான்றிதழ்களைப் பார்த்து ரொம்பப் பெருமையாக இருக்கிறது என்றார். அப்புறம் எழிலி முகத்தைப் பார்த்தார். கண்ணும் கன்னமும் உமாங்குடையவை, நிறம் மட்டும்தான் என்னுடையது. அம்மா எந்த ஊரு என்றார். சொன்னேன். ஓ என்றார். பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். இது முழுசா நம்ம சமுதாயப் பிள்ளைகளுக்கான உதவிங்க, கமிட்டியில கேட்டுச் சொல்றோம் என்றார். எழிலி தமிழில்தான் அவரோடு பேசினாள். அவருடைய மகன்கள் பேசுவார்களா என்று தெரியவில்லை. பதில் வரவில்லை. முழுசா. அந்தச் சொல்லை முதலில் சொன்னவர் அவர் இல்லை. என் பெரியண்ணன் சிங்காரம், நான் உமாங்கைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது வாசலிலேயே நிறுத்தி, பொறக்கிறது முழுசா நம்ம ரத்தமா இருக்குமா பரஞ்சோதி என்றார். அப்போது எனக்கு வந்த கோபம். கையை ஓங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை. இப்போது யோசித்தால் அவர் கேட்டதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், அவருக்குக் கொஞ்சம் முரட்டு வாய், இவர்களுக்குக் கணினி, இவ்வளவுதான் வித்தியாசம். அங்கே பாதி குறைகிறது என்கிறார்கள். இங்கேயும் பாதி குறைகிறது என்கிறார்கள். இரண்டு பாதியும் அவளிடம்தானே இருக்கிறது, கூட்டத் தெரியாதா ஒருத்தருக்கும்.

என்ன முணுமுணுக்கறீங்க என்கிறாள் எழிலி. ஒன்றுமில்லை என்கிறேன். தண்ணி குடிங்க என்று போத்தலைத் திறந்து கொடுக்கிறாள். சத்தம் போடக் கூடாது என்று நேற்றே சொல்லிவிட்டாள். நீங்க சத்தம் போட்டா அவங்க நம்ம விண்ணப்பத்தை எடுத்து உள்ள வெச்சிருவாங்க அப்பா. பத்தொன்பது வயதில் இது தெரிந்திருக்கிறது. எனக்கு ஐம்பத்து நாலு வயதில் தெரியவில்லை. சத்தம் போட வேண்டும்போல்தான் இருக்கிறது, இந்த நாற்காலி வரிசையின் நடுவில் நின்று, நான் கணக்கும் இரசாயனமும் சொல்லிக்கொடுத்து இந்த ஆற்றங்கரையில் எத்தனை பேர் தாதியாகவும் போலீசாகவும் வாத்தியாராகவும் இருக்கிறார்கள் தெரியுமா, ஒருத்தனிடமாவது நீ என்ன இனம் என்று கேட்டுவிட்டுச் சொல்லிக்கொடுத்தேனா என்று. மணி அடிக்கிறது. மறுபடியும். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள் போலிருக்கிறது, எண்கள் வேகமாக ஓடுகின்றன. நூற்று முப்பத்தொன்று.

முகப்பில் இருப்பவள் ஐம்பது வயதுக்காரி, ரோஸ்லின் என்று பெயர்ப்பட்டை, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருக்கிறாள். எங்கள் கோப்பை அவள் உண்மையாகவே படித்தாள், அதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தாளாகத் திருப்பி, உமாங்கின் பிறப்புப் பத்திரத்தில் நின்று, எந்த ஆறு என்று எழிலியிடம் இபான் மொழியில் கேட்டாள். எழிலி சொன்னாள். என் அம்மாவும் அங்கே பக்கம்தான் என்றாள் ரோஸ்லின். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் மேசைக்குக் கீழேயிருந்து ஒரு தாளை எடுத்தாள். பிரிவை மறுபடி பார்க்கச் சொல்லி எழுத ஒரு வழி இருக்கிறது சிக்கு, எல்லோருக்கும் சொல்வதில்லை, கேட்டு வந்தால்தான் கொடுப்போம் என்றாள். நீண்ட வீட்டின் தலைவர் ஒரு கையெழுத்து, தகப்பன் ஒரு கையெழுத்து, மூன்று வாரத்தில் ஒரு நேர்முகம். நான் வாங்குவதற்கு முன் எழிலி வாங்கிப் படித்தாள். மலாயில் ஒரு பக்கம். படித்து முடித்து என் பக்கம் நகர்த்தவில்லை. நான்தான் இழுத்துக்கொண்டேன். மேற்சொன்ன என் மகள் பிறந்தது முதல் முழுவதும் தாயின் சமூகத்தின் மொழியிலும் வழக்கத்திலும் வளர்க்கப்பட்டவள் என்றும், என் சமூகத்தின் மொழியையோ வழக்கத்தையோ அவள் பின்பற்றவில்லை என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன். கீழே புள்ளிக் கோடு.

அப்பா, இது பொய் என்றாள் எழிலி. தமிழில் சொன்னாள், மெதுவாக, ரோஸ்லினுக்குப் புரியாதபடி. பள்ளி முடிந்து பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த சாயங்காலங்கள், அந்த நூற்று ஐம்பது மைல் ஆற்றில் தமிழ் தெரிந்த ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான், கடையில் சாமான் வாங்கும்போது இரகசியம் பேசுவதுபோலப் பேசிக்கொள்வோம், பொங்கலன்றைக்கு அவள் அம்மா கவாய் என்கிற அறுவடை விழாவுக்குக் கட்டும் உடையைக் கட்டிக்கொண்டு பொங்கல் வைப்பாள், அதில் எது எந்த வழக்கம் என்று எங்கள் வீட்டில் பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்துப் பார்க்கச் சொல்கிறது தாள். பிரித்து, ஒன்றை எடுத்துக் கோட்டின்மேல் வைக்கச் சொல்கிறது. ரோஸ்லின் பேனாவை நீட்டினாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை சிக்கு, வேண்டாமென்றால் மர அறிவியலுக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாள். அவள் குரலில் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை, யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை, கிராணியிடம் இல்லை, தொலைபேசியில் பேசியவனிடம் இல்லை, எல்லோரும் மரியாதையானவர்கள், எல்லோரும் ஒரு தாளை நீட்டுகிறார்கள். சிக்கு என்று கூப்பிட்டுக்கொண்டே நீட்டுகிறார்கள்.

போடாதீங்க என்றாள் எழிலி.

"அன்னைக்குப் பதியும்போது நான் யாரைக் கேட்டேன்? வேறென்னன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தேன். அதுக்கு நீ ஏன் மரத்தைப் படிக்கணும்?"

"அதுக்காக இதுல கையெழுத்துப் போடுவீங்களா? நீங்க எனக்கு ஒண்ணுமே குடுக்கலைன்னு?"

"அந்தப் படகுல நீ கையை இறக்கினியா?"

அவள் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு ஒரே கையெழுத்துதான், அடையாள அட்டையிலும் வங்கியிலும் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையிலும் அதுதான், தமிழில் ப. பரஞ்சோதி. என் சமூகத்தின் மொழி இவளிடம் இல்லை என்பதற்குக் கீழே அந்த மொழியிலேயே எழுதினேன். ரோஸ்லின் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரே மாதிரி இருக்கிறது, சரி என்றாள். முத்திரை குத்தினாள், இரண்டு தடவை, முதல் தடவை மை சரியாக விழவில்லை. நேர்முகத்துக்கு அம்மாவும் வர வேண்டும், நீங்கள் வர வேண்டிய அவசியமில்லை என்றாள், சொன்ன பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வராமல் இருந்தால் நல்லது சிக்கு என்றாள். என்ன கேட்பார்கள் என்று ஒரு துண்டுத் தாளில் அச்சடித்து வைத்திருந்தார்கள், அதையும் கொடுத்தாள்.

கார் வெயிலில் கொதித்துக் கிடந்தது. கண்ணாடிகளை இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். எதிர்ச் சாலையில் பள்ளி விட்டுப் பிள்ளைகள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள், எல்லாவித முகமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, பெருநாளைக்குப் போகிற மாதிரி சத்தம். சாவியைத் திருப்பவில்லை நான். எழிலி அந்தத் துண்டுத் தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீண்ட வீட்டின் பெயர். அறுவடை விழாவில் என்ன செய்வீர்கள். வீட்டில் என்ன மொழி. எல்லாம் அவளுக்குத் தெரியும், தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள், எதுவும் பொய் இல்லை. ஏழாவது கேள்வியில் நின்றுவிட்டாள். எட்டிப் பார்த்தேன். வீட்டில் தகப்பனை எப்படி அழைப்பீர்கள்.

இபான் பிள்ளைகள் அபாய் என்பார்கள். அபாய் என்று கூப்பிட்டுக்கொண்டு அந்த நீண்ட வீடு முழுக்க ஓடுகிற பிள்ளைகளுக்கு நடுவில் இவள் ஒருத்தி மட்டும் வேறு மாதிரி கூப்பிடுவாள், கூட்டத்தில் யார் குரல் என்று நான் தேட வேண்டியதே இல்லை.

"சொல்லிப் பாரு" என்றேன்.

அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"அபாய்."

சுத்தமாக வந்தது. ஒரு தடங்கலும் இல்லை, ஜெனிபர் சொல்கிற மாதிரியே இருந்தது. முப்பது வருஷமாக வகுப்பில் எந்தக் குரலில் பேசினேனோ அந்தக் குரல் எங்கிருந்தோ வந்தது.

"சரியாச் சொன்னே" என்றேன். "இன்னொரு தடவை சொல்லு."